தனகோட்டி செய்த பிளாஸ்டிக் புழு

1

இந்தக் கதையை நான் முதலில் எழுதியது 1965ஆம் வருஷம் ஆடி மாதத்தில். மூன்றே வரி. தலைப்பு இல்லை, கையெழுத்தும் இல்லை. ‘பின்சந்துக் கொட்டகையில் இருக்கும் தனகோட்டி கேபிளை எரித்துச் செம்பு எடுக்கிறான். நாற்றமே சாட்சி. உடனே விசாரிக்கவும்.’ மடித்து கான்ட்ராக்டர் ஆபீஸ் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. அப்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இப்போது எழுதுவதில் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தனகோட்டி ஓர் அப்பாவி

(அடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?)

தனகோட்டி சாமர்த்தியமான கள்ள

(இதையும்.)

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நெய்வேலியில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. என் குவார்ட்டர்ஸ் பின்சுவருக்கு அப்பால் ஒரு கொட்டகையில் தனகோட்டியும் மனைவி அமிர்தமும் குடியிருந்தார்கள். கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலம் சுரங்கத்துக்குப் போனபின் கான்ட்ராக்டரிடம் பம்ப் வேலை. பர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் பெயர் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் பிடிக்கப் போவார்.

விரால் பிடிக்க இங்கே உயிர்த்தவளையைத் தூண்டிலில் கோப்பார்கள். அமிர்தம் அப்போது ஆறு மாசம். “வயித்துல புள்ளய வச்சிகினு பாக்க முடியல, உசுரோட கோக்காதீங்க” என்றாளாம். சுரங்க வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஜெர்மன் ஃபிட்டர் ஒருவர் தனகோட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் புழுவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விரல் நீளம், தண்ணீரில் விட்டால் நெளியும். எட்டு ஞாயிறு தாங்கியது. ஒன்பதாவது ஞாயிறு ஒரு விரால் பாதியைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான். தானே செய்வதென்று இறங்கினார்.

செலவு என்ன ஆயிற்று என்றால், முதலில் அமிர்தத்தின் சிவப்பு பிளாஸ்டிக் கைப்பை போனது. அதை நறுக்கி, எண்ணெய் விட்டு உருக்கியதில் பால் காய்ச்சும் பாத்திரம் வீணானது. ஈரம் காயாத களிமண் அச்சில் ஊற்ற, தெறித்து இடது கை வெந்தது. அந்தப் புகையில் அமிர்தம் நாலு நாள் இருமினாள். கடைசியில் கிடைத்தவை விறைத்த கறுப்புக் குச்சிகள்.*

* சிவப்புப் பை எப்படிக் கறுப்புப் புழுவாகும்? கருகிவிட்டது என்றார். கேபிள் உறையும் கறுப்புதான். இந்தக் குறிப்பை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதிவிட்டேன்.

3

“என்னப்பா தனகோட்டி, கண்ணெல்லாம் எரியுது. என்ன கொளுத்தற?” என்று ஒரு மாலை சுவருக்கு மேலே எட்டிக் கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க சார். புழு செஞ்சிகினு இருக்கேன்.”

“புழுவா?”

“ஆமாங்க. மீனுக்கு.”

சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. கான்ட்ராக்டர் கிடங்கில் கேபிள் காணாமல் போயிருந்த வாரம் அது. இரண்டையும் முடிச்சுப் போட்டேன்.

(பர்மனென்ட் பட்டியலில் கடைசி இடம் தனகோட்டிக்கு. அது காலியானால் அடுத்தது என் மைத்துனன். இதை மேலேயே சொல்லியிருக்க வேண்டும்.)

4

கான்ட்ராக்டரின் காவல் மேஸ்திரி நல்லசாமி இரண்டு ஆட்களோடு வந்து கொட்டகையைப் புரட்டினார். செம்பு கிடைக்கவில்லை.

“எங்கடா வித்த?”

அமிர்தம் முறத்தோடு புழுக்களைக் கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டினாள். “இதுக்குத்தாங்க எரிச்சாரு. எம் பையும் போச்சு, பாத்திரமும் போச்சு. இப்ப மானமும் போவணுமா?”

நல்லசாமி குள்ளஞ்சாவடிக்காரர். ஒரு புழுவை எடுத்து நசுக்கிப் பார்த்தார். “பெருமாள் ஏரியில நான் பாக்காத மீனா? இத ஒரு விரால் கடிச்சாக்கூட நம்பறேன். ஞாயித்துக்கெழம வா. படிச்சவங்க யாராவது பாத்து எழுதிக் குடுக்கணும். மொதலாளி கேப்பாரு.”

தனகோட்டி சுவருக்கு மேலே என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க சார் வருவாருங்க” என்றார்.

5

முதல் வீச்சிலேயே கை நீளத்துக்கு ஒரு விரால்

இல்லை. அப்படி எழுத ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை பெருமாள் ஏரிக்கரையில் மதியம் வரை ஒன்றும் கடிக்கவில்லை. எண்ணெயைக் கூட்டி முந்தின நாள் செய்த புழு, கொஞ்சம் மெத்தென்று இருந்தது. அதுதான் கடைசி. நல்லசாமி டீ குடிக்கக் கிளம்பினார். கிளம்புமுன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். என் மூன்று வரி.

“இத எழுதுனவனையும் தேடிகினு இருக்கேன் சார். பொய்யின்னு ஆயிட்டா, இந்த எழுத்த வச்சே ஆளப் புடிச்சுடுவேன்.”

அவர் போய்க் கால் மணி நேரம் இருக்கும். கோரை ஓரம் தண்ணீர் பிளந்தது. விரால் ஒன்று புழுவை வாய் நிறையக் கவ்வி, ஒரு முழம் மேலே எழும்பி விழுந்தது. தூண்டில் நரம்பு அறுந்தது. தண்ணீர் மறுபடி மூடிக்கொண்டது.

“பாத்தீங்கல்ல சார்? பாத்தீங்கல்ல?” கட்டுப்போட்ட கையாலேயே தனகோட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தேன்” என்றேன்.

நல்லசாமி திரும்பி வந்ததும் தனகோட்டி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். நல்லசாமி என்னிடம் தாளையும் பேனாவையும் நீட்டினார். “பாத்தத எழுதுங்க சார்.”

வாங்கிக்கொண்டேன். ‘நான்’ என்று தொடங்க வேண்டியதுதான். அந்த ஒரு சொல் போதும், அவர் பையில் இருக்கும் காகிதத்தோடு ஒப்பிட.

“வெயில் கூசிச்சு. நான் சரியாப் பாக்கல” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

தனகோட்டி அறுந்த நரம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

6

பட்டியலில் அவர் பெயரை அடித்தார்கள். என் மைத்துனன் பர்மனென்ட் ஆனான். தனகோட்டியும் அமிர்தமும் காடாம்புலியூர் பக்கம் ஒரு முந்திரித்தோப்புக்குக் காவலுக்குப் போனதாகக் கேள்வி. என்ன பிள்ளை பிறந்தது என்று நான் விசாரிக்கவில்லை. கேபிள் திருடியவன் அகப்படவே இல்லை. அதனால், அது தனகோட்டிதான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு இன்னும் வசதி இருக்கிறது. சில நாள் அப்படி நினைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வடலூர் போய் பஸ் மாறினால் காடாம்புலியூர் தூரமில்லை. இந்தத் தாள்களை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். வடலூரிலேயே இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன் என்று இன்னொன்று. இரண்டும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன.

நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டால், போனேன் என்றுதான் சொல்வேன்.