நான்கு வருடமாக அதே வாரம்

1

அந்த அறையில் இருந்தவர்கள்: அண்ணி. அவளுடைய கொழுந்தன். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர். வலது கால் இடது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டையான ஒரு டீச்சர். மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதோடு ஒயரால் பிணைத்த தோல் வெட்டும் மெஷின்.

நான் அங்கே இல்லை. இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பழுதுபார்க்கிறவர். எதைக் கழற்றினாலும் "சரியாயிடும், ஆனா கியாரண்டி கிடையாது" என்பார். அதனாலேயே அவருக்கு ஊரில் பேர் கியாரண்டி. என்னுடைய கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார். இதைப் புதுசாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வேறொரு வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முழுக்கச் சொல்லவில்லை, கடைசிக் கட்டம் அவருக்கே தெரியாது. ஆகவே எனக்கும் தெரியாது. முடிவு வந்தால்தான் படிப்பேன் என்கிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கம், ஒன்று: "இன்றைய வாழ்வில் கம்ப்யூட்டர் என்பது ஒரு குடும்பத்தின்..." வேண்டாம். கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.

தொடக்கம், இரண்டு: "கொழுந்தன் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது இது ஏழாவது மாதம்." உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் கதையை அவன் பிடுங்கிக்கொள்வான். வேலையில்லாதவன் என்றதுமே வாசகர் உருகத் தயாராகிவிடுவார். உருகுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

தொடக்கம், மூன்று: "மணி ஒன்று இருபது." இதை வைத்துக்கொள்கிறேன்.

மணி ஒன்று இருபது. நான்கு மணிக்குக் கொழுந்தனுக்கு வேலைக்கான தேர்வு, வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டியது. தேர்வுக்கான புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் திறக்காது என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. அடித்துப் பிடித்துக் கியாரண்டியைக் கூப்பிட்டார்கள். புதியதற்கு மாற்ற முழுசாக இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் அவர். ஆக, இரண்டு மணிக்குள் பட்டனை அமுக்கியாக வேண்டும்.*

* வேறு கம்ப்யூட்டரே கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். நண்பன் ஒருவனிடம் இருந்தது ஆபீஸ் லேப்டாப். வெளி ஆள் எதையும் அதில் ஏற்ற முடியாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதத் தேர்வு நடத்துகிறவர்கள் ஒப்பவில்லை. கதையை இங்கேயே கலைத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்று பார்த்தேன். ஓட்டை கிடைக்கவில்லை.

3

அண்ணி செருப்பு தைக்கிறவள். கடையில் வாங்கிப் போட முடியாதவர்களுக்கு மட்டும்: ஒரு கால் குட்டை, பாதம் உள்ளே மடங்கியது, விரல் எடுத்தது. காலை அளந்து, பதினான்கு அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், பாதத்தின் வடிவம் திரையில் எழும். எங்கே எத்தனை மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்ததும் மெஷின் தோலை வெட்டும். அதற்கென்றே ஒரு புரோகிராம். மெஷின் வேறு எதன் பேச்சையும் கேட்காது.

அன்று டீச்சர் புது ஜோடியைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார். அவர் காலடியில் அண்ணி மண்டியிட்டிருந்தபோதுதான் கியாரண்டி திரையின் மூலையைக் கவனித்தார்.

"அக்கா, தேதி நாலு வருஷம் பின்னாடி நிக்குதே."

"பேட்டரி போச்சு சார். ரொம்ப நாளாவே அப்படித்தான், தேதி தப்புங்கறதால இன்டர்நெட்டும் சரியா வராது," என்றான் கொழுந்தன்.

கியாரண்டி மூடியைக் கழற்றிப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தானே இருக்கு."

அண்ணி டீச்சரின் குதிகாலைப் பிடித்தபடியே சொன்னாள்: "நான்தான் மாத்துறேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும்."

அந்தப் புரோகிராமை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். செய்த கம்பெனி மூடிவிட்டது. கடிதம் போட்டால் திரும்பி வந்தது. போன் அடித்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை. கெடு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதாக இருந்தது. மறுநாள் காலையில், புரோகிராமைத் திறப்பதற்கு முன்னால், அண்ணி கம்ப்யூட்டரின் தேதியை ஏழு நாள் பின்னால் தள்ளினாள். திறந்தது. அடுத்த திங்கட்கிழமையும் தள்ளினாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு நான்கு வருடமாக ஒரே வாரம்தான்.

"அப்ப இப்ப மாத்தினா என்னாகும்?" என்றான் கொழுந்தன்.

"புதுசு ஏறினதும் தேதியை அதுவே வெளியிலேர்ந்து வாங்கிச் சரி பண்ணிக்கும், இருக்கற புரோகிராம் எல்லாத்தையும் ஒரு தடவை திறந்தும் பாக்கும். பரீட்சைக்கும் சரியான தேதிதான் வேணும். அக்காவோட புரோகிராம் நிஜத் தேதியை ஒரே ஒரு தடவை பாத்துடுச்சுன்னா பூட்டிக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு தள்ளினாலும் திறக்காது."

"நீங்க ஏதாவது பண்ணி..."

"பண்ணிப் பாக்கலாம். கியாரண்டி கிடையாது."

கொழுந்தன் அண்ணி பக்கம் திரும்பினான். "ஏன் அண்ணி, இதை ஏன் சொல்லவே இல்ல?"

"உங்கண்ணனுக்குத் தெரியும்."

"எனக்கு?"

"நீ எங்க கேட்ட? பேட்டரின்னு நீயே சொல்லிட்டுப் போயிட்ட."

4

(இந்தக் கொழுந்தனை எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் சோம்பேறியாக எழுதினேன். மத்தியானம் வரை தூங்குகிறவன், சாப்பிட்ட தட்டை அப்படியே வைக்கிறவன். கதை சுலபமாக ஓடியது. ஆனால் கியாரண்டி பார்த்தவன் அப்படி இல்லையாம். துணி உலர்த்திய கையோடு வந்து நின்றான் என்றார். ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு நின்றவன். நானும் அப்படி நின்றவன் என்பதால் அவன் பக்கம் சாய்ந்துவிடுவேன். அதற்காகத்தான் கதையை அண்ணியின் தோளருகே நிறுத்தியிருக்கிறேன்.)

5

அளவுகளையாவது காப்பாற்றலாம் என்று சொன்னவர் டீச்சர்.

"ஏம்மா, மெஷின் இல்லாத காலத்துல கையாலதானே வெட்டின?"

"ஒரு ஜோடிக்கு ரெண்டு நாள் ஆகும். இப்ப அரைமணி நேரம்."

"மெதுவா வெட்டு. அளவு கையில இருந்தா வெட்டலாம்ல?"

அளவுகளை மட்டும் தனியாக வெளியே எடுக்கப் புரோகிராம் விடாது. ஆகவே கியாரண்டி ஒவ்வொரு பாதமாகத் திறக்க, கொழுந்தன் போனில் திரையைப் படம் பிடிப்பது என்று முடிவானது. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர். டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மணி ஒன்று இருபத்தெட்டு.

முதல் பாதத்திலேயே கியாரண்டியின் விரல் நின்றது. "பேரே இல்லையே அக்கா. வெறும் தேதிதான் இருக்கு."

புரோகிராம் தானாகவே தேதியைப் பேராக வைத்துவிடும். எல்லாத் தேதியும் அதே ஏழு நாட்களுக்குள். நான்கு வருடமாக வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் வரிசையில் நின்றதுபோல் இருந்தார்கள்.

"காலைப் பாத்தாத் தெரியுமே. எதுக்குப் பேரு?" என்றாள் அண்ணி. "நான் சொல்றேன், நீ குறிச்சுக்கோ தம்பி. இது பேக்கரிக்காரர்."

"அடுத்தது."

"தபால்காரர். நடந்து நடந்தே வளைஞ்ச கால்."

"அடுத்தது."

"பஸ் டிரைவர் பொண்ணு. சின்னவ."

"இது?"

"இவர் போயிட்டாரு."

"அப்ப விட்டுடலாம். போனவரு எங்க நடக்கப்போறாரு?" என்றார் டீச்சர்.

"எடு தம்பி. அவர் தம்பிக்கும் அதே கால்தான்."

வேகம் பிடித்தது. பிளம்பர். லிப்ட் ஆபரேட்டர். கோர்ட்டில் டைப் அடிக்கிற அம்மா. நடுவில் ஒரு பாதம் வந்ததும் டீச்சர் முன்னால் குனிந்தார்.

"இது நான்தானே? இவ்வளவு கோணலாவா இருக்கு?"

"இதுக்கு மேல இருந்துச்சு. நாலு ஜோடில குறைச்சிருக்கேன்."

"மூஞ்சியையும் கொஞ்சம் அதுல போட்டுப் பாரேன்."

கொழுந்தன் சிரித்துவிட்டான். அன்று அந்த அறையில் யாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மணி ஒன்று நாற்பத்தாறு.

தொண்ணூற்றொன்றாவது பாதம் வந்தது. இடது கால். குதிகாலின் உட்புறம் எட்டு மில்லிமீட்டர் ஏற்றியிருந்தது. ஏற்றியவள் அண்ணி, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அந்தச் சரிவு அவள் கைப்பழக்கம். ஆனால் யாருக்கு?

"யாரு அண்ணி?"

அவள் திரைக்கு அருகே போனாள்.

"அண்ணி?"

"தெரியல."

"பரவால்ல, அடுத்தது போலாம்."

அடுத்தது வந்தது. அதுவும் தெரியவில்லை. அதற்கடுத்தது மில்லில் வேலை செய்கிறவர்போல் இருந்தது; அவர் அண்ணனாகவும் இருக்கலாம். அண்ணி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"கொஞ்சம் பின்னாடி போங்க. பேக்கரிக்காரர்னு சொன்னேன்ல, அதைக் காட்டுங்க."

கியாரண்டி பின்னால் போனார். அண்ணி வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவர் இல்லையோ?"

"அண்ணி, நேரமாகுது."

"ஒருத்தருக்கு வெட்டினதை இன்னொருத்தர் போட்டா காலோட போகாதுடா. இடுப்பு போயிடும். இதுவரைக்கும் சொன்னதுல எத்தனை சரின்னு எனக்கே தெரியல."

கியாரண்டி விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: அமுக்குகிறாள். அவன் தேர்வாகிறான். முதல் சம்பளத்தில் அண்ணிக்குப் புதிய புரோகிராம் வாங்கித் தருகிறான். (அப்படி ஒரு புரோகிராம் யாரிடமும் விற்பனைக்கு இல்லை என்று கியாரண்டி சொன்னார். அந்த மெஷினுக்குப் பொருந்துவது அது ஒன்றுதான். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முடிவு: அமுக்கவில்லை. மெஷின் ஓடுகிறது, டீச்சர் புதுச் செருப்போடு நடந்து போகிறார். அன்று இரவு சாப்பிடும்போது கொழுந்தன் தண்ணீர்ச் செம்பை அண்ணி பக்கம் நகர்த்துகிறான், அவள் அவன் முகத்தைப் பார்க்காமல்

(இந்த இடத்தில் என் திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது: உங்கள் கம்ப்யூட்டருக்குப் புதிய பதிப்பு தயார், இப்போதா, பிறகா. பிறகு என்று அமுக்கினேன். வாக்கியத்துக்குத் திரும்பி வந்தால் அதில் உயிர் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.)

மூன்றாவது முடிவு: அவனே தேர்வு வேண்டாம் என்கிறான். இது சினிமா என்று முதலில் ஒதுக்கினேன். பிறகு பார்த்தால், உண்மையிலேயே அதைத்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

7

"நாலு நிமிஷம்," என்றார் டீச்சர்.

"விட்டுடலாம் அண்ணி. அடுத்த பரீட்சை வராமலா போயிடும்."

"எப்ப வரும்?"

அவன் போனைப் பார்த்தான். "அடுத்த வருஷம்."

"அதுக்குள்ள உனக்கு வயசு தாண்டிடும்ல?"

அவன் போனைச் சட்டைப் பையில் வைத்தான்.

"அப்புறம் எதுக்கு விட்டுடலாம்ங்கற?"

"நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்க. அதான் நானே சொல்லிடறேன்."

"நல்லவனா இருந்து பழியை என் தலையில கட்டப் பாக்குறியா?"

"அண்ணி, நான் அப்படி..."

"ஏம்மா, சின்னப்பையன் பாவம்," என்றார் டீச்சர்.

"பாவம்தான். அதுதான் இங்க பிரச்சினையே." அண்ணி கியாரண்டியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில், புதியதற்கு மாற்றலாமா என்ற கேள்வி நின்றது. மவுஸின்மேல் கையை வைத்தாள், எடுத்தாள். "எல்லாரும் வெளில போங்க."

"நானுமா?" என்றான் கொழுந்தன்.

"நீதான் முதல்ல. நீ பக்கத்துல நின்னா உன் மூஞ்சியப் பாத்து அமுக்கிடுவேன். அப்புறம் ஆயுசு பூரா சொல்லிக்காட்டுவேன். என்னால சும்மா இருக்க முடியாது, எனக்கு என்னைத் தெரியும். டீச்சர் இருந்தா அவங்க காலைப் பாத்து அமுக்காம விட்டுடுவேன். அப்ப நீ வாயத் திறக்காமலே சொல்லிக்காட்டுவ. மூணே முக்காலுக்கு வா. என்ன இருக்கோ அதுதான்."

டீச்சர் ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் பழையதுமாக எழுந்தார். கியாரண்டி அவர் கையைப் பிடித்துப் படி இறக்கினார். அவருக்கு இன்னொரு வீட்டில் வேலை இருந்தது, அப்படியே போய்விட்டார். பிறகு என்ன ஆனது என்று அவர் விசாரிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போன் பண்ணிக் கேக்கற விஷயமா இது?" என்றார்.

எனக்கு உள்ளே இருக்க வழி உண்டு. எழுதுகிறவனை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் ஆள்காட்டி விரலைப் பார்த்து, இரண்டே வரியில் முடித்துவிடலாம். ஆனால் நான் பார்த்தால் கொழுந்தனின் முகத்தைத்தான் அவள் என்னிடத்தில் பார்ப்பாள். நீங்கள் யார் முகத்தோடு படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தவர் நீங்கள்தான். அமுக்குவதோ விடுவதோ உங்கள் பாடு. நான் வெளியே போகிறேன்.

கொழுந்தன் கடைசியாக நிலைப்படியைத் தாண்டினான். எதையோ சொல்லத் திரும்பினான். அதற்குள் அவன் முகத்துக்கு நேராகக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு சுற்று சுற்றியது.