மூச்சு வெட்டிய பாட்டு

பாட்டில் மூச்சு கேட்கக் கூடாது என்பது ஸ்ரீகுமாரி டீச்சரின் சட்டம். நாற்பது பேர் நின்று பாடினாலும், நாற்பது பேரும் மூச்சே விடாத பிறவிகள் போல இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகப் பாடகர் குழுவை நடத்திய காலமெல்லாம் அவர் பிள்ளைகளை இதற்காகவே வறுத்தெடுத்தார். மனுஷர் என்றால் மூச்சு வாங்கத்தானே செய்வார்கள் என்று யாரும் அவரிடம் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் அடுத்த கச்சேரியில் தூணுக்குப் பின்னால்தான் இடம்.

டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் வேலை அஸ்வதியின் தலையில் விழுந்தது. குழுவின் பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு ஹார்ட் டிஸ்கை அவளுக்கு அனுப்பிவைத்தார் டீச்சர். அவளும் அந்தக் குழுவில் பாடியவள்தான். பிறகு ஒலிப்பதிவு படித்துவிட்டு, பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, கல்யாண வீடியோ முதல் பக்திப் பாட்டு வரை யார் எதைக் கொடுத்தாலும் சத்தம் திருத்திக் கொடுத்துவந்தாள். ரயில் போகும்போது மட்டும் வேலை நிற்கும். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்பா செல்லசாமி, கம்ப்யூட்டர் என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

மூச்சை வெட்டுவதற்குப் பெரிய திறமை வேண்டாம், பொறுமை போதும். கம்ப்யூட்டர் திரையில் பாட்டு மேடும் பள்ளமுமாக ஓடும். ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் சின்னதாக ஒரு முடிச்சு தெரியும். அதுதான் மூச்சு. அதைப் பிடித்து அழித்துவிட்டால் தீர்ந்தது. மற்றவர்களின் மூச்செல்லாம் கடுகளவு இருந்தது. டெல்வினின் மூச்சு மட்டும் புளியங்கொட்டை அளவு.

டெல்வின் பொழியூர்க் கடற்கரைப் பையன். பாறசாலைக்கு பஸ்ஸில் வந்து, அஸ்வதி ஏறும் ரயிலில்தான் அவனும் ஏறுவான். குழுவில் டெனர் என்னும் மேல்ஸ்தாயி ஆண்குரலுக்கு ஆட்கள் போதாமல் போகவே, கனத்த குரல்காரியான அஸ்வதியையும் டீச்சர் அந்த வரிசையில் தள்ளிவிட்டார். அவளுக்கு நேர் பின்னால் டெல்வின் நின்றான். நீளமான சுரம் வந்தால் டீச்சரிடம் ஒரு ஏற்பாடு உண்டு. பாடுகிறவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவார். ஒருவர் மூச்சு வாங்கும்போது ஜோடியிலிருக்கும் மற்றவர் சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒருவர் நடுவில் இல்லாமல் போனதும் தெரியாது, திரும்பி வந்து சேர்ந்ததும் தெரியாது. அஸ்வதிக்கு ஜோடி டெல்வின்.

"நீ எடுத்துக்கோ, நான் பிடிச்சோளாம்" என்பான் அவன். அவன் பிடித்தால் அவள் நிம்மதியாக இரண்டு தடவை மூச்சு வாங்கலாம். அப்படி ஒரு நெஞ்சு அவனுக்கு. ஆனால் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று எடுப்பான் பாருங்கள், அது மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கேட்கும். அஸ்வதியின் பின்கழுத்து சிலிர்த்துப் போகும். டீச்சர் மேஜையைத் தட்டிப் பாட்டை நிறுத்தி, நீ பாடப் போகிறாயா கடலில் குதிக்கப் போகிறாயா என்று கேட்பார். டீச்சர் அதைத் திட்டாகத்தான் சொன்னார், ஆனால் அது நிஜம். லீவு நாட்களில் அப்பா வாலண்டைனோடு படகில் போய், பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவன் அவன். முங்குவதற்கு முன்னால் எடுக்கிற அதே மூச்சைத்தான் பாட்டுக்கும் எடுத்தான். அவனுக்குத் தெரிந்த மூச்சு அது ஒன்றுதான்.

படிப்பு முடிந்த பிறகும், அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டே சிப்பிக்கும் போய்வந்தான். போன வருஷம் துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், அப்பா படகில் இருக்க, அப்படி முங்கியவன் மேலே வரவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் இறங்கித் தேடின. உடல் கிடைக்கவில்லை.

அஸ்வதி துட்டி கேட்கப் போகவில்லை. போக வழியில்லை என்பதுதான் சரி. டெல்வினின் அம்மா ரோசா, மகன் இறந்துவிட்டான் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஒப்பீசு செபத்தை வீட்டிலும் வைக்க விடவில்லை, கோயிலிலும் வைக்க விடவில்லை. சாவே நடக்காத வீட்டுக்கு என்ன முகத்தோடு துட்டிக்குப் போவது? அழ ஓர் இடம் இல்லாமலேயே அஸ்வதிக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவனோடு காதல் கீதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் மூச்சை ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டு நான்கு வருஷம் நின்றவர்களுக்கு நடுவில் இருப்பதற்கு வேறு என்ன பெயர் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் ஹார்ட் டிஸ்க் வந்தது. மழையைப் பற்றிய ஒரு மலையாளப் பாட்டு அதில் இருந்தது. டீச்சரே மெட்டமைத்து நாலு குரலுக்குப் பிரித்து எழுதியது. முதல் சுரத்துக்கு முன்னால் அவன் மூச்சு கிடந்தது. அஸ்வதி கண்ணை மூடிக்கொண்டு அதை அழித்தாள். அழித்த நொடியில் பின்கழுத்தில் காற்று இழுத்தது. ஃபேனைப் பார்த்தாள். அது ஓடவில்லை, ஒலிப்பதிவு வேலையில் அவள் ஃபேன் போடுவதே இல்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. மாவு கரைக்கும்போது வந்தது, கடையில் மிச்சச் சில்லறைக்குக் கை நீட்டி நிற்கும்போது வந்தது. சத்தம் எங்கே கொஞ்சம் அடங்கினாலும் அவள் கழுத்துக்குப் பின்னால் யாரோ ஆழமாக ஒரு மூச்சை உள்ளே இழுப்பார்கள். இழுப்பதோடு சரி, வெளியே விடும் சத்தம் வராது. அஸ்வதி திரும்பிப் பார்ப்பாள். மகள் சும்மா சும்மா திரும்பிப் பார்ப்பதைக் கண்ட அம்மா பிந்து, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி மிளகாய் சுற்றிப் போட்டாள். வீடெல்லாம் இருமலானதுதான் மிச்சம். வெட்டிய மூச்சைத் திருப்பிக் கேட்டு டெல்வின் வந்து நிற்பதாக அஸ்வதிக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, நம்பவே செய்தாள். பயமாகவும் இருந்தது, அவன் வராமல் போய்விடுவானோ என்று ஏக்கமாகவும் இருந்தது.

அந்த வாரம்தான் டெல்வினின் தங்கை ரெஜிஷா போனில் கூப்பிட்டாள். அண்ணன் பாடிய பாட்டு ஏதாவது சேச்சியிடம் இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா நாள் முழுக்க அண்ணனின் பழைய வாய்ஸ் மெசேஜுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். எல்லாம், அம்மா வாறேன், இப்ப வாறேன் என்றுதான் முடிகின்றன. அதனால் தினமும் அவனுக்கும் சேர்த்துச் சோறு வைக்கிறாள். வாலண்டைனிடம், எங்கே விட்டுவிட்டு வந்தாய் என் பிள்ளையை என்று காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு, அந்த மனுஷன் தாங்க முடியாமல் குளத்தூரில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். சகல ஆத்துமாக்கள் திருநாள் வரப்போகிறது. இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுக்க வேண்டும். இந்த வருஷமும் கொடுக்காவிட்டால் அம்மா இப்படியே இருந்துவிடுவாள், அப்பாவும் திரும்பி வரமாட்டார் என்று ரெஜிஷா அழுதாள். பாட்டு என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. அண்ணன் குரலை முடிவு வரைக்கும் ஒருதரம் கேட்டால் அம்மா மனசு மாறுமோ என்பதுதான் அவள் எண்ணம். சின்னப் பெண்ணின் யோசனைதான். ஆனால் பெரியவர்கள் யாருக்கும் அதைவிட நல்ல யோசனை வரவில்லையே.

அஸ்வதி லேப்டாப்பையும் ஒரு ஸ்பீக்கரையும் பையில் போட்டுக்கொண்டு பொழியூர் பஸ் ஏறினாள். ரோசா வீட்டுக்குப் பின்னால் கடல் பக்கம் இருந்த வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் நேரே தண்ணீர். கொடியில் டெல்வினின் சட்டைகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. ரோசா கட்டன் சாயா கொடுத்தாள், அப்பா அம்மா சுகமா என்று கேட்டாள், மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அஸ்வதி மழைப் பாட்டைப் போட்டாள். சுத்தம் செய்த பாட்டு, ஒரு மாசு இல்லை. ரோசா தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"நல்ல பாட்டுதான். இதுல அவன் இல்ல" என்றாள்.

அண்ணன் பாடியது ஆக்கும் அம்மா என்று ரெஜிஷா கெஞ்சினாள். ரோசா அவளைப் பார்க்கவில்லை, அஸ்வதியைத்தான் பார்த்தாள்.

"எனக்க மோன் எந்தக் காரியம் தொடங்குனாலும் முன்னால ஒரு மூச்சு உண்டு மக்கா. பெறந்த அன்னு அழுகதுக்கு முன்னயும் எடுத்தான், நர்சுமாரு எல்லாம் சிரிச்சினும். அது இல்லாம அவன் எப்பிடிப் பாடியிருப்பான்?"

தெரியாதது போல இருந்திருக்கலாம். நாற்பது குரலில் ஒரு குரல் எப்படித் தனியாகக் கேட்கும் என்று சமாளித்திருக்கலாம், அதில் பொய்யும் இல்லை. அஸ்வதியால் முடியவில்லை.

"நான் வெட்டிட்டேன், ஆன்ட்டி. பாட்டுல மூச்சு கேக்கப்பிடாதுன்னு அத அழிச்சுப்போட்டேன்."

"மூச்சையா வெட்டுன?" என்றாள் ரோசா. கோபம் இல்லை, கேள்விதான். திட்டியிருந்தால் அஸ்வதிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நல்ல வேளையாக, கை வைக்காத மூலப் பதிவு லேப்டாப்பிலேயே இருந்தது. டெனர் வரிசைக்கு முன்னால் வைத்திருந்த மைக்கில் பதிந்ததை மட்டும் பிரித்தெடுத்துப் போட்டாள். முதலில் இரைச்சல், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ செருமியது, டீச்சர் மேஜையைத் தட்டியது. அப்புறம் அவன் மூச்சு. அந்தச் சின்ன அறையின் காற்றையெல்லாம் உள்ளே இழுத்தது போல இருந்தது. ரோசாவின் கை வந்து அஸ்வதியின் முழங்கையைப் பிடித்தது. பிடித்த பிடி பாட்டு முழுக்க விடவில்லை.

கடைசிச் சுரம் மிக நீளமானது. அதன் நடுவில் அஸ்வதி தன் குரல் விலகுவதைக் கேட்டாள். அவள் மூச்சு வாங்கிய இடம் அது. ஜோடியில் டெல்வினின் குரல் மட்டும் அந்தச் சுரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. அவள் திரும்பி வந்து சேர்ந்தாள். அடுத்து அவன் முறை. அவன் எடுக்கவில்லை. ஒரே மூச்சில் கடைசி வரை போனான். சுரம் நின்றது.

அஸ்வதி வெட்டிய பதிப்பு அந்த இடத்தோடு முடியும். மூலம் முடியவில்லை. கொஞ்சம் மௌனம், அப்புறம் கூர்மையாக ஒரு விசில். சிப்பிக்கு முங்குகிறவர்கள் தண்ணீருக்கு மேலே தலை தூக்கியதும், வாயைக் குவித்து அடக்கிய மூச்சை விடுவார்களே, அந்த விசில். டெல்வின்தான். குழு மொத்தமும் சிரித்தது. டீச்சர் கூடச் சிரிப்பது கேட்டது. இப்படி ஒன்று நடந்ததையே அஸ்வதி மறந்துபோயிருந்தாள். பாட்டு முடிந்த பிறகு வரும் சத்தம்தானே என்று கேட்டுப் பார்க்காமலேயே அறுத்துப் போட்டிருந்தாள்.

ரோசா எழுந்தாள். நேரே போய்க் கொல்லைக் கதவைத் திறந்து கடலைப் பார்த்து நின்றாள். கையை நெற்றியில் வைத்து, வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தாள். ரெஜிஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நல்லது செய்ய வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று அஸ்வதிக்குத் தோன்றியது. இனி இந்த அம்மா சாகும்வரை இந்தக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள், அதற்குக் காரணம் நான் என்று நினைத்தாள்.

அலை வந்து வந்து போனது. ரோசா உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அந்த விசில வெட்டு மக்கா."

அஸ்வதிக்குப் புரியவில்லை. அதுவும் அவன்தானே ஆன்ட்டி என்று கேட்டாள்.

"அவன்தான். இதுல அவன் மேல வந்துட்டான்." ரோசா திறந்து கிடந்த கொல்லைக் கதவைக் கை காட்டினாள். "அவன் வரேல்ல. முங்குனான், வரேல்ல."

ஒரு வருஷமாக அந்த வீட்டில் பாதிரியாரும் ஊராரும் புருஷனும் சொல்லப் போய், வாய் அடைக்கப்பட்டுத் திரும்பிய வார்த்தை அது. சொன்னவளே தான் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டது போல இருந்தாள்.

"அவன் மூச்சு எடுத்தது அங்கன கெடக்கட்டு. அதுல கை வைக்காத. விசில மட்டும் எடு."

அஸ்வதி அந்தச் சின்ன முடிச்சைத் திரையில் பிடித்தாள். விரல் நகரவில்லை. இந்த உலகத்தில் டெல்வின் தண்ணீருக்கு மேலே வந்தது இனி இந்த ஓர் இடத்தில்தான். அதையும் அவள் கையாலேயே அமுக்கச் சொல்கிறாள் பெற்றவள். கண்ணீரில் திரை கலங்கிப் போயிற்று. துடைத்துக்கொண்டு அதையும், அதன் பின்னால் வந்த சிரிப்பையும் அழித்தாள். மறுபடி போடச் சொன்னாள் ரோசா.

மூச்சு வந்தது. பாட்டு வந்தது. நீளச் சுரம் எழுந்து, நின்று, அடங்கியது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லாத அந்த இடத்தில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். காத்திருக்கத் தேவையில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும், இருந்தும் காத்திருந்தார்கள். ரோசாவின் உதடு மட்டும் குவிந்து, விசில் அடிக்கப் போவது போல நடுங்கி, பிறகு தளர்ந்தது.

"ரெஜி" என்றாள். "அப்பாவ கூப்பிட்டு வா. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொல்லு."