பாத்துக்கிடுதோம்

பிரதமரின் பேச்சைத் தமிழில் சொல்வது பலர் நினைப்பது போல அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. பேச்சை யாரோ முன்பே எழுதிவிடுகிறார்கள். அதன் தமிழாக்கமும் டெல்லியிலேயே தயாராகிவிடுகிறது. பிரதமர் எதிரே இருக்கும் கண்ணாடித் திரையைப் பார்த்து ஒரு பத்தி படிப்பார், நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் நம் பத்தியை நாம் படித்துவிட வேண்டும். கைதட்டல் எங்கே வரும் என்பதுகூடத் தாளில் குறித்திருக்கும்.

உமாராணி அந்தத் தாளைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தூத்துக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் இந்தி ஆசிரியை அவள். அப்பா பம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்தபோது அங்கேயே வளர்ந்தவள். அவள் இந்தி, கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்களின் வாயிலிருந்து வந்த இந்தி. வழக்கமான மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டதும் ஒத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு முதலில் வந்தவள் கிருபை. வாரம் தவறாமல் மீன் கொண்டுவருகிறவள். அன்றைக்குக் கூடை இல்லாமல் வந்திருந்தாள்.

“டீச்சரு, பிரதமரு பக்கத்துல நிக்கப் போறியளாமே. மேடையில அவருக்கு முத்துமாலை குடுக்கதுக்கு எங்க காலனியிலருந்து என்னையக் கூப்ட்டிருக்காவ. நான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டா அவர்ட்ட சொல்லுவியளா?”

“என்னக்கா, அந்த ஓடை விஷயமா?”

அதுதான். துறைமுகத்தின் புதுக் கப்பல் தளத்துக்காகக் கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டிக் கொட்டி ஒரு சுவர் நீண்டுகொண்டிருந்தது. அலையைத் தடுக்கும் சுவர் அப்படித்தான் வளரும். லாரி, தான் போட்ட கல்லின் மேலேயே ஏறிப்போய் அடுத்த கல்லைக் கொட்டும். வரைபடத்தில் உள்ளபடி போனால் அது மீனவர் காலனி வள்ளங்கள் கடலுக்குப் போகும் ஓடையின் வாயை அடைத்துவிடும். சுவரைச் சற்று வளைத்து ஒரு திறப்பு விட்டால் போதும், முடியாத காரியமில்லை என்று அங்கே வேலை பார்க்கும் இன்ஜினியரே சொல்லியிருந்தார். ஆனால் வளை என்று சொல்ல வேண்டியது யார்?

“கலெக்டரு, ஹார்பர் டெல்லிக்கு உள்ளதுங்காரு. ஹார்பர்ல கேட்டா மந்திரிங்கான். மந்திரிக்கு எழுதிப் போட்டா, தளத்தத் தொறந்து வைக்க பிரதமரே வாராரு, அவர்ட்ட கேளுங்கன்னு பதில். மேல போகப் போக நாற்காலிதான் பெருசாவுது டீச்சரு, ஆளக் காணும்.”

“பிரதமருக்கு மேல யாரு இருக்காவ அக்கா? அவரு சொன்னா நடந்திரும்.”

உமாராணி அதை நம்பித்தான் சொன்னாள்.

விழாவில் எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. கைதட்டல்கூடக் குறித்த இடத்தில் வந்தது. கடைசியில் கிருபை முத்துமாலையோடு மேடையேறினாள். பிரதமர் குனிந்து வாங்கிக்கொண்டார். கிருபை அவர் கையை விடவில்லை.

“ஐயா, எங்க ஓடை வாய அடச்சிராதிய. வள்ளம் போக ஒரு வழி விடச் சொல்லுங்க.”

பிரதமர் உமாராணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இந்தியில் சொன்னாள். மைக் திறந்தே இருந்தது. அவர் புன்னகையோடு கிருபையின் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

“தேக் லேங்கே.”

இந்த இரண்டு சொல்லுக்குத் தாளில் தமிழ் இல்லை. பம்பாய்க் கடையில் இதை அவள் தினமும் கேட்டிருக்கிறாள். ‘அப்புறம் பார்ப்போம்’ என்று நழுவுகிறவனும் இதைத்தான் சொல்வான். ‘கவலைப்படாதே, அது என் பொறுப்பு’ என்று ஏற்கிறவனும் இதைத்தான் சொல்வான். முகத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். தமிழிலோ இரண்டுக்கும் வேறு வேறு சொல்: பார்ப்போம், பார்த்துக்கொள்கிறோம். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுவும் அந்த நிறுத்தம் முடிவதற்குள். எதிரே கிருபையின் முகம் இருந்தது.

“பாத்துக்கிடுதோம்,” என்றாள் உமாராணி.

பந்தல் அதிர்ந்தது. தாளில் எங்கேயும் குறிக்காத கைதட்டல். கிருபை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் குளிரூட்டிய அறையில் பிரதமர் இளநீர் குடித்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டனுப்பினார். “முழுப் பேச்சுக்கும் கிடைக்காத கைதட்டல் அது. நான் அப்படி என்ன சொன்னேன்?”

அவள் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஒரு திறப்பு விடுவதில் என்ன கஷ்டம்?” என்று கேட்டார்.

கேட்டது அவளிடம் அல்ல. பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதவி என்று ஒன்றும் இல்லை. பிரதமரின் ஆட்சி நிற்பது ஒரு கூட்டணிக் கட்சியின் தயவில். அந்தக் கட்சித் தலைவரின் ஆள் அவர். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “சுவருக்கான ஒப்பந்தம் முடிந்துவிட்டது ஐயா. தலைவரைக் கேட்காமல் நாம் எதுவும் சொல்ல வேண்டாம்.”

பிரதமர் உறிஞ்சுகுழலால் இளநீரைக் கலக்கினார். அதில் கலக்க எதுவும் இல்லை. “சரி, தேகேங்கே,” என்றார். அதற்கு ஒரே அர்த்தம்தான்: பார்ப்போம். இந்த நாட்டிலேயே பெரிய நாற்காலியில் இருப்பவர், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று கைவிரிக்கும் குமாஸ்தாவைப் போல அதைச் சொன்னதை உமாராணி பார்த்தாள்.

கோட்டுக்காரர் அவளோடு வாசல் வரை வந்தார். “வெளியே நிருபர்கள் நிற்கிறார்கள். மொழிபெயர்ப்பில் தவறு நடந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.”

“இரண்டு அர்த்தமும் உண்டு சார்.”

“அதில் எது என்று முடிவுசெய்ய நீங்கள் யார்?”

நியாயமான கேள்வி. அவர் மெல்லச் சிரித்தார். “சொல்லவில்லை என்றால், உங்களையும் தேக் லேங்கே.”

அந்தச் சொல்லுக்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அவள் வெளியே வந்தபோது நிருபர்கள் பிரதமர் ஏறப்போகும் ஹெலிகாப்டரைப் படம்பிடிக்க ஓடிவிட்டிருந்தார்கள். ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பத்திரிகைகளில் ‘ஓடையைப் பார்த்துக்கொள்கிறோம்: பிரதமர் உறுதி’ என்று வந்தது. டெல்லியிலிருந்து மறுப்பு வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. பிரதமர் சொன்னதை அவர் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. சொன்னார் என்று எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

சுவர் மட்டும் நீண்டது. ஒருநாள் அவள் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிவப்பிரகாஷ், சுவர் வேலையைப் பார்க்கும் இன்ஜினியர்.

“டீச்சர், ஓடை வாய்க்கு வந்துட்டோம். கல்லு லாரி வரிசையா நிக்கி. இங்கன பொம்பளையள்லாம் பேப்பரத் தூக்கிக்கிட்டு லாரிக்கு முன்னால உக்காந்திருக்காவ. ஆபீஸ்ல கேட்டேன், ‘நீரே பாத்து முடிவு பண்ணும்’ங்கான். மேல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். நான் சம்பளத்துக்கு இருக்கவன். நீங்கதான பக்கத்துல நின்னிய. அவரு நெசமா என்னதான் சொன்னாரு?”

உமாராணி வராந்தாவுக்கு வந்தாள். போனுக்குள் கிருபையின் குரல் கேட்டது: “யாருட்ட பேசுதிய? டீச்சர்ட்டயா? குடுங்க இங்கன.” பின்னால் லாரிகளின் உறுமல்.

கலெக்டர், ஹார்பர், மந்திரி, பிரதமர், கோட்டுக்காரர், அவருக்கும் மேலே யாரோ. கேள்வி அத்தனை பேரிடமும் போய்விட்டு, சாக்பீஸ் பிடித்திருந்த கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் பெருமைப்படவில்லை. சாக்பீஸைச் சன்னல் விளிம்பில் வைத்தாள்.

“பாத்துக்கிடுதோம்னுதான் சொன்னாரு,” என்றாள்.

“உறுதியாவா?”

“உறுதியா.”

“அப்ப லாரிய நிறுத்தச் சொல்லுதேன். நாளைக்கு ஒருத்தன் வந்து என்னையக் கேட்டா?”

“என் பேரச் சொல்லுங்க.”

“நீங்க யாருன்னு கேப்பானே டீச்சர்.”

அதே கேள்வி.

“நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் உமாராணி.

ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அணைவது போனில் கேட்டது.