பத்தடி நகர்ந்த தூக்கம்

ஒன்பது மணி நேரம் ஓட்டினால் பத்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். லாரி ஓட்டுகிறவர்களுக்கான சட்டம் அது. நல்ல சட்டம். இருபது வருடமாக ஒரு நாள் தவறாமல் அதை நான் நோட்டில் கடைப்பிடித்து வந்தேன். நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு இருபத்து நான்கு கட்டம், ஓட்டிய நேரத்துக்கு ஒரு கோடு, ஓய்வுக்கு ஒரு கோடு. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றபோது நான் பிழையில்லாமல் எழுதிய முதல் சொல் 'ஓய்வு'தான். நோட்டில் தூங்கிய தூக்கத்தில் பாதியை மெய்யாகவே தூங்கியிருந்தால் என் முகம் இன்றைக்கு இப்படி இருக்காது.

போன வருடம் நோட்டை வாங்கிக்கொண்டு வண்டியில் ஒரு பெட்டியை வைத்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, சோப்பு டப்பா அளவில், கறுப்பாக இருக்கும். சக்கரம் உருண்டால் அதுவே எழுதிக்கொள்ளும். கெஞ்சினால் கேட்காது. வைத்த முதல் மாதமே எங்கள் கம்பெனியில் ஒருவனுக்கு ஒன்பது நிமிடம் கூடுதலாக ஓட்டியதற்காக மூன்று வாரம் லைசென்ஸைப் பிடுங்கி வைத்தார்கள். அந்த ஒன்பது நிமிடமும் அவன் கக்கூஸ் தேடி ஓட்டியது. பெட்டியில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சரக்குக் கிடங்கின் வளாகத்துக்குள் நுழைந்தேன். எட்டு மணி நாற்பது நிமிடம் ஓட்டியிருந்தேன். இன்னும் இருபது நிமிடம்தான் கையில் இருந்தது. வீடு ஐந்து மணி நேரத் தூரம். ஏழிலிருந்து மாலை ஐந்து வரை தூங்கினால், அதற்குள் சரக்கும் இறங்கிவிடும், பத்து மணிக்கு வீட்டில் இருக்கலாம்.

இருந்தே ஆக வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டு, முடிகிற வரை கூடவே இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முதல் தடவை நாள் குறித்தபோது நான் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது தடவை டயர் வெடித்து நடுவழியில் நின்றேன். மூன்றாவது தடவையும் தவறினால் நம்பர் ரத்தாகிவிடும், புது நம்பருக்கு ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கோ இடது கண் ஏற்கெனவே பால் ஊற்றிய மாதிரி இருந்தது. வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் என் சட்டை என்று நினைத்து ஜன்னல் திரையை மடித்து வைத்திருந்தாள்.

வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு லாரி. எஞ்சினை அணைத்து, போனை ஓரமாக வைத்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் சாய்ந்தேன். தூங்கியும் விட்டேன். கதவில் தட்டு விழுந்தது. கீழே கேட் காவலாளி.

"அண்ணே, வண்டிய முன்னாடி எடுங்க. முன்னாடி வண்டி கொஞ்சம் நகர்ந்துடுச்சு. பத்தடிதான். ஒரு நிமிஷ வேலை."

தூக்கக் கலக்கம். சாவியைத் திருப்பினேன், பத்தடி எடுத்தேன், நிறுத்தினேன். பெட்டி 'க்ளிக்' என்றது. அப்போதுதான் எனக்கு முழுசாக விழித்தது. மணி பதினொன்று இருபது. பெட்டியில் ஓய்வு என்ற இடத்தில் நான்கு மணி இருபது நிமிடம் இருந்ததே, அது பூஜ்யமாகிவிட்டது.

கம்பெனியில் இந்த விதிகளைப் பார்க்க ஒருவர் இருக்கிறார். நாங்கள் சேஃப்டி சார் என்போம். அவருக்குப் போன் போட்டேன்.

"சார், பத்தடி நகத்தினேன் சார். ஓய்வெல்லாம் போச்சு."

"சக்கரம் உருண்டா ஓட்டினதுதான். பத்து மணி நேரம் தொடர்ந்து இருக்கணும்னு சொல்லியிருக்கேன்ல?"

"வரிசை நகருது சார். நகத்தாம என்ன பண்றது?"

"நேரம் பாக்கி இருக்கற வேற டிரைவரை எடுக்கச் சொல்லுங்க."

"இங்க நிக்கற எல்லாருமே ராவெல்லாம் ஓட்டிட்டு வந்தவங்கதான் சார்."

"அப்போ எல்லாரும் நல்லா ரெஸ்ட் எடுங்க," என்று வைத்துவிட்டார்.

மறுபடி கணக்குப் போட்டேன். பதினொன்று இருபதிலிருந்து பத்து மணி நேரம் என்றால் ராத்திரி ஒன்பது இருபது. அங்கிருந்து ஐந்து மணி நேரம். பரவாயில்லை, விடிவதற்குள் போய்விடலாம். மனைவிக்குச் சொன்னேன்.

"ராத்திரி கொஞ்சம் லேட்டாகும்."

"எத்தனாவது தடவை இந்தக் கொஞ்சம்?" என்றாள்.

இரண்டரை மணிக்கு மறுபடி கதவில் தட்டு. "அண்ணே, பத்தடி."

"எடுக்க மாட்டேன்பா. என் வீட்டுக்காரிக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன்."

"அதுக்கும் பத்தடிக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

அவனுக்கு எப்படி விளக்குவது? விளக்கத் தொடங்குவதற்குள் பின்னால் ஆரன் அலறியது. எனக்குப் பின்னால் நின்றவனைக் கோழி என்று கூப்பிடுவோம். உட்கார்ந்த இடத்தில் தூங்கி, இலை அசைந்தால் விழித்துக்கொள்வான். அவன் இறங்கி வந்தான்.

"என்ன மாமா, வண்டிக்கு வேர் விட்டுடுச்சா?"

"நகத்தினா என் ஓய்வு போயிடும்டா."

"உன் ஓய்வு போனா போகட்டும். நீ நகரலன்னா நான் நடு ரோட்டுல நிக்கறேன். கேட்டுக்கு வெளிய நின்னா போலீஸ் வருவான். அவன் வந்தா நான் நகரணும். நகர்ந்தா என் ஓய்வு போயிடும்."

நியாயம்தான். நகர்த்தினேன். அவனும் நகர்த்தினான். அவனுக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் நகர்த்தினார்கள். ஒன்பது பெட்டி 'க்ளிக்' என்றது. அந்த ஒரு நிமிடத்தில் ஒன்பது பேரின் தூக்கமும் செல்லாமல் போனது. காவலாளி கை காட்டிச் சிரித்தான். பாவம், அவனும் முந்தின நாள் மாலையிலிருந்து அதே நாற்காலியில் இருக்கிறான். மாற்று ஆள் வரவில்லையாம். நாற்காலிக்குச் சக்கரம் இல்லாததால் அவனுக்குச் சட்டமும் இல்லை.

இப்போது கணக்கு ராத்திரி பன்னிரண்டரை, காலை ஐந்தரை. இன்னும் ஒரு தட்டு விழுந்தால் நூலிழைதான். அதற்கு மேலும் ஒன்று விழுந்தால் அவள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். லாரியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாமா என்று தோன்றியது. சரக்கோடு வண்டியை விட்டுப் போனவனுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. கண்ணை மூடினேன். ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்க நினைக்க ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. பெட்டிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சக்கரம் நின்றால் போதும், டிரைவர் தூங்குவதாக அது நம்பிவிடும். அந்த ஒரு விஷயத்தில் அது என் பழைய நோட்டு மாதிரியேதான்.

ஐந்து மணிக்குக் கோழிதான் வழி கண்டுபிடித்தான். வளாகத்துக்குள் டிரெய்லர்களை இழுத்து வைக்க ஒரு குட்டி இழுவை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, உன் டிரெய்லரைக் கழற்றி அவன்கிட்ட விட்டுடு. அவன் இழுத்துட்டுப் போய் இறக்கட்டும். நீ தலைப்பக்கத்த மட்டும் மூலையில போட்டுத் தூங்கு," என்றான்.

இழுவை ஓட்டுகிறவரைப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கண் இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தன.

"செஞ்சு தரேன். ஒண்ணும் பிரச்சினையில்ல," என்றார்.

"உங்களுக்கு நேரம் பாக்கி இருக்காண்ணே?"

"எனக்கு ஏது நேரம்? நான் ரோட்டுல ஓட்டலையே. உள்ளுக்குள்ளயே சுத்தறவனுக்கு ரூல் கிடையாது. நேத்து காலையில ஏறினேன்." சொல்லிக்கொண்டே கொட்டாவி விட்டார். "நீங்க போய்ப் படுங்க தம்பி. தூக்கமில்லாம ஓட்டக் கூடாது."

டிரெய்லருக்கு அடியிலிருந்து வெளியே வர வண்டியின் தலை நாலடி முன்னால் போக வேண்டும். மூலைக்குப் போக இன்னும் கொஞ்சம். பெட்டி கடைசியாக ஒரு 'க்ளிக்' என்றது. மணி ஐந்து ஐந்து. அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. இழுவைக்காரர் என் டிரெய்லரை எடுத்துப் போகும்போது ஒரு தூணை உரசிவிட்டுப் போனார் என்று கோழி பிறகு சொன்னான்.

விடியற்காலை மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, பெட்டி சம்மதம் கொடுத்த அந்த நிமிடத்திலேயே, காலி டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எட்டேகாலுக்கு டிப்போ. ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி. வாசலில் மனைவி என் கால்சட்டை நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள்.

"நிஜமாவே நீங்கதானா? இல்ல எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?"

"நான்தான். சட்டப்படி பத்து மணி நேரம் தூங்கிட்டு வந்திருக்கேன்."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சிரித்தாள். உள்ளே போனதும் அவள் கண்ணில் மருந்து விட்டார்கள். நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா உள்ளே வந்தார். இளம் வயதுதான். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடந்தார். அந்தக் கண்களை எனக்குத் தெரியும். அதே செங்கல் நிறம்.

"டாக்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"நேத்து ரோட்டுல விபத்து. ஏதோ வேனாம், ஓட்டினவன் கண்ணசந்துட்டானாம். கண்ணுல கண்ணாடி குத்தினவங்க ஒன்பது பேர். நேத்து காலையிலருந்து நிக்கறாங்க பாவம். உங்களோடதுதான் கடைசி. போடுங்க கையெழுத்து."

பேனா கையிலேயே நின்றுவிட்டது. நான் ஒரு ஓரமாக டாக்டரம்மாவின் மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டியும் இல்லை.

"அம்மா," என்றேன், "நீங்க எத்தனை மணி நேரமா ஓட்… வேலை பாக்கறீங்க?"

நர்ஸ் முறைத்தாள். டாக்டரம்மா விரல்களை மடக்கி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். "இருபத்தேழு," என்றார். பிறகு, "இருபத்தாறா?" என்று நர்ஸைக் கேட்டார்.

"என்னை ஒன்பது மணி நேரத்துக்கு மேல விட மாட்டாங்கம்மா. நான் ஓட்டறது வெறும் சிமென்ட் மூட்டை."

"இன்னிக்கு இல்லன்னா நம்பர் போயிடும். ஆறு மாசம். தெரியுமில்ல?" என்றாள் நர்ஸ்.

தெரியும். எனக்குத்தான் நன்றாகத் தெரியும். மனைவியைப் பார்த்தேன். மருந்து விட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பியிருந்தாள். "மூணாவது தடவையும் உங்களாலதானா?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. பிறகு டாக்டரம்மா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, "கொஞ்சம் படுத்துட்டு வாங்கம்மா. நான் எங்க போகப்போறேன்," என்றாள்.

டாக்டரம்மா தன் வலது கையை முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தார். "மூணு மணிக்கு எழுப்புங்க. மூணரைக்குப் பண்ணிடலாம். நம்பர் இருக்கட்டும்," என்றார். எதிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி பத்து பத்து. தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். பழக்க தோஷம், கோடும் போட்டேன்.

கதவுக்கு எதிரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு நர்ஸ் ஒரு கோப்போடு வந்து கதவுப் பிடியில் கை வைத்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"நகருங்க. ஒரே ஒரு கையெழுத்து. ஒரு நிமிஷ வேலை."

"கூடாதும்மா. எழுப்பினா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"இது உங்க லாரி இல்ல!"

"அதனாலதான் சொல்றேன்."

சத்தத்தில் மனைவி விழித்துக்கொண்டாள். "யாருங்க அது, கதவைத் தட்டறது?" என்றாள். யாரும் இன்னும் தட்டியிருக்கவில்லை. நர்ஸ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, பெஞ்சின் மறு ஓரத்தில் கோப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அவளும் நேற்றிலிருந்து நிற்பவள்தான் போலிருக்கிறது, உட்கார்ந்ததும் தலை தொங்கிவிட்டது.

நான் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். டாக்டரம்மாவுக்கு இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம் பாக்கி இருந்தது.