செங்கல் சுவர் கண் மூடுவதில்லை

ஆம்பூரில் இதுவரை பிறந்தவர்களில் ஒளி என்றால் என்னவென்று உண்மையாகத் தெரிந்தவன் என் அண்ணன் ஷாஜின் ஒருவன்தான். இது என் கருத்து அல்ல. 2008இல் ஒரு சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது அவனே சொன்னான். சட்னி கேட்கிற குரலில் சொன்னதால் யாரும் மறுக்கவில்லை.

அப்போது அவனிடம் கேமரா கிடையாது. அதை அவன் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. படம் எடுக்கப் பழகுகிறவர்கள் வாங்கக்கூடிய, விலை கம்மியான டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களைப் பற்றி உலகம் எழுதியிருந்த எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்து முடித்திருந்தான். அந்த விலைக்கு இரண்டுதான் தேறின. ஒன்றின் கழுத்து வாரில் மஞ்சள் எழுத்து, மற்றதில் சிவப்புக் கோடு. உலகமே மஞ்சள் வார், சிவப்பு வார் என்று பிரிந்து கிடக்கிறது, ஒரு பக்கம் ஞானஸ்நானம் வாங்கியவன் மறுபக்கம் பெண் எடுக்க மாட்டான் என்று விளக்கினான். நாங்கள் சர்ச் குடும்பம். சபை பிரிவது எங்களுக்குப் புதிதல்ல. உடனே புரிந்தது.

கேமராவுக்கு அவசரம் வந்தது அம்மாவால்.

அம்மா பெயர் இன்பம். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். தினமும் ரயிலில் போய் வருவாள். அடுத்த புதன்கிழமை ரிட்டயர்மென்ட். ஓய்வு பெறுகிற சிஸ்டரின் படத்தைச் சட்டம் போட்டு நர்ஸுகள் அறையில் மாட்டுவது அந்த வார்டின் வழக்கம். திங்கட்கிழமைக்குள் படம் ஃப்ரேம் கடைக்குப் போயாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எத்தனையோ வருஷம் நைட் டூட்டியில் ஒரு நிமிஷம் கண் மூடாத அம்மா, ஃபோட்டோவில் ஒரு தடவைகூடக் கண் திறந்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் அப்பா ஒரு தூங்குகிற பெண்ணுக்குத் தாலி கட்டுகிறார். ரேஷன் கார்டில் லேசான தூக்கம். வாக்காளர் அட்டையில் ஆழ்ந்த தூக்கம். ஒரு தேர்தலில் பூத்தில் இருந்தவர் அட்டையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்க்க, அவருக்குச் சந்தேகம் தீரட்டும் என்று அம்மா கண்ணை மூடிக் காட்டினாளாம். அப்பா சொன்னது. நான் நம்புகிறேன்.

"புதுசா வர்ற பொண்ணுங்க அந்தச் செவுத்தப் பாத்துட்டு இன்னா நெனைக்கும்?" என்றாள் அம்மா. "நைட் டூட்டியில தூங்குனவ போலன்னு தானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதில் இன்னும் ஒன்றரை இட்லி இருந்தது.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து அறிவித்தான். "அம்மா கண்ணத் தொறந்திருக்கற மாதிரி எந்த கேமரா எடுக்குதோ, அதத்தான் வாங்கப்போறேன். இது ஒரு சயின்டிஃபிக் டெஸ்ட்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது அவன் தோஸ்த் ஷபீ அஹமது இரண்டு கேமராக்களையும் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் வார், ஷபீயின் ஆபீஸில் ஷூ சாம்பிள்களைப் படம் எடுக்க வாங்கியது. சிவப்பு வார், அவன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது.

"சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும், தோஸ்த். ஒரு கீறல் விழுந்தாலும் மச்சான் என் தோல உரிச்சுடுவான்."

"உரிச்சா கொண்டா," என்றேன். "எங்கப்பா கிரேடு போட்டுத் தருவாரு."

அப்பா டேனியலுக்கு டேனரியில் செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, தழும்பு, உண்ணிக் கடி, கத்திக் கீறல் பார்த்து ஃபர்ஸ்டு, செகண்டு, தேர்டு என்று பிரிப்பார். அந்த மேசைகள் வடக்கு ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கும். வடக்கே நேர் வெயில் விழாது. காலையில் பார்த்த தோல் மாலையிலும் அதே தோலாகத் தெரியும். இந்தப் பழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் சின்ன அறையில் ஒரு வடக்கு ஜன்னல் உண்டு. கத்திரிக்காய், சட்டைத் துணி, அண்ணனுக்கு வந்த பெண்ணின் ஃபோட்டோ எல்லாம் அந்த ஜன்னலுக்குப் போகும். அங்கே திருப்பிப் பார்ப்பார், கட்டை விரலால் தடவுவார், மோந்து பார்ப்பார், தரம் சொல்லுவார். என் மார்க் ஷீட்டையும் கொண்டுபோனார். தேர்டு. அதை மட்டும் மோந்து பார்க்கவில்லை.

அண்ணனுக்கு இந்த ஜன்னல் ஒரு பெரிய வேடிக்கை. "அது கத்திரிக்காப்பா, ஆட்டுத்தோல் இல்ல" என்பான். அப்பா இல்லாத நேரத்தில் டீ டம்ளரை ஜன்னலுக்குக் கொண்டுபோய், மூன்று பக்கமும் திருப்பி, மூக்குக்கிட்டே வைத்து, அப்பா குரலில் "தேர்டு" என்று சொல்லிக் காட்டுவான். ஷபீ விழுந்து விழுந்து சிரிப்பான். நானும்தான். நன்றாகவே செய்வான்.

அன்றைக்கும் அப்பா இரண்டு கேமராவையும் வாங்கிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனார். லென்ஸைப் பார்க்கவில்லை. வாரை மடக்கினார், மோந்தார்.

"ரெக்ஸின்," என்றார்.

"அப்பா, வார் முக்கியமில்ல. உள்ள சென்சார்னு ஒண்ணு..."

"இரு இரு. இந்தப் பிடியப் பாரு. தோல் மாதிரியே வரி போட்டிருக்கான். தொட்டா ரப்பரு. தோலே இல்லாதவனுக்கு இன்னாத்துக்குடா தோல் வேஷம்?" இரண்டையும் ஷபீயிடம் நீட்டினார். "ரெண்டும் தேர்டு."

ஷபீ தன் மச்சானை நினைத்து வருத்தப்பட்டான்.

அண்ணன் தன் முறையில் சோதனையைத் தொடங்கினான். பின்பக்கத்துச் செங்கல் சுவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு, அதன்மேல் பைபிள் அகராதி, அதன்மேல் கேமரா. இணையத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் செங்கல் சுவரைத்தான் எடுக்கிறார்களாம். நடுவில் இருக்கிற செங்கல்லும் மூலையில் இருக்கிற செங்கல்லும் ஒரே கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மஞ்சள் வாரில் மூலைச் செங்கல் கொஞ்சம் மங்கல். சிவப்பு வாரில் மூலை பரவாயில்லை, ஆனால் வெயிலில் திரையைப் பார்த்தால் நம் முகம்தான் தெரிகிறது. மஞ்சள் கைக்கு அடக்கம். சிவப்பு கனம் கம்மி. பக்கத்து வீட்டு மரியம்மாள் துணி காயப்போட வந்தவர் நின்று பார்த்தார்.

"இன்னாடா ஷாஜினு, செவுத்த விக்கப்போறீங்களா?"

"இல்லக்கா. ஷார்ப்னஸ் பாக்குறோம்."

"யாரோடது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

எடுத்த ஒரு படத்திலும் சுவர் கண் மூடவில்லை. இரண்டு கேமராவும் பாஸ்.

அப்புறம் அம்மா வந்தாள். சர்ச்சுக்குக் கட்டிய ஊதாப் பட்டுப்புடவையை மாற்றாமலே இருந்தாள். அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. ஹாலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையை இரண்டு தரம் சரிசெய்து, "ரெடி" என்றாள்.

மஞ்சள் வார், ஃப்ளாஷ். தூக்கம்.

சிவப்பு வார், ஃப்ளாஷ். தூக்கம்.

அண்ணன் ஒரு சக்கரத்தைத் திருகினான், ஷட்டர் வேகம் பற்றி ஒரு பிரசங்கம் செய்தான், மறுபடி எடுத்தான். தூக்கம், ஆனால் வேகமான தூக்கம். அம்மா பிடிவாதமாகக் கண்ணை அகல விரித்து, பீரோவைத் திறந்ததும் உள்ளே திருடன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் மாதிரி ஆனாள். ஃப்ளாஷ் அடித்தது. திருடனையும் பொருட்படுத்தாமல் தூங்கியிருந்தாள்.

"இன்னா தோஸ்த் இது," என்றான் ஷபீ. "கேமராவா, தூக்க மாத்திரையா?"

நான் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது. "அண்ணா, ஃப்ளாஷ் ரெண்டு தடவ அடிக்குது. மொதல்ல ஒரு குட்டி வெளிச்சம், அப்புறம்தான் பெருசு. அம்மா குட்டிக்கே கண்ண மூடிடுது."

"தெரியும்," என்றான் அண்ணன். "வெளிச்சத்த அளக்கறதுக்காக முன்னாடியே ஒண்ணு அடிக்கும்." அவன் காது சிவந்திருந்தது. தெரிந்தவன் காது அப்படிச் சிவக்காது.

வார்டில் யாராவது டார்ச்சை லேசாகத் தட்டினாலே திரும்பிப் பார்க்கிறவள் அம்மா. அவளிடம் இந்த இரண்டு தடவை அடிக்கிற ஃப்ளாஷ் செல்லாது.

ஃப்ளாஷை அணைத்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தான். கண் திறந்திருந்தது. ஆனால் முகம் இரண்டு முகமாக ஆடியிருந்தது. கேமராவின் உணர்திறனை ஏற்றினான். ஆட்டம் நின்றது, முகம் முழுக்க ரவை கொட்டியது. அம்மா சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"யாருடா இது? அம்மை போட்ட மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து, தோளில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள்.

"போதும்டா. ஐடி கார்டு படத்தையே குடுத்துடலாம். என்ன, கண்ணு மூடியிருக்கும். அவ்ளோதானே? இத்தன வருஷம் அதக் கழுத்துல மாட்டிக்கினுதானே போனேன்." அண்ணன் தலையை ஒரு தட்டு தட்டினாள். "பிரியாணி அடிப்புடிச்சுடும். போய்ப் பாக்கறேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் மெனுவுக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்தான். அப்பா பின்பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஷபீ மச்சானுக்கு ஃபோனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, அண்ணன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்குள் போனான்.

நானும் போனேன். வடக்கு ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டான். தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஒரு சாண் நகர்த்தினான். ஜன்னல் விளிம்பில், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அப்பா தேர்ந்தெடுத்து வைத்திருந்த முள்ளுக் கத்திரிக்காய்கள் வரிசையாக இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டான்.

"அம்மாவக் கூப்புடு," என்றான் மெதுவாக. "அப்பாவுக்குச் சொல்லாத."

அம்மா கரண்டியோடு வந்தாள். "மறுபடியுமா? என்னடா பேஜாரு." உட்கார்ந்தாள். பின் இல்லாத முந்தானை கொஞ்சம் சரிந்திருந்தது. அண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான். சும்மா உட்கார்ந்து அம்மாவுக்குப் பழக்கமில்லை. கை தானாக ஜன்னல் விளிம்புக்குப் போனது. ஒரு கத்திரிக்காயை எடுத்தாள், திருப்பினாள்.

"இன்னாங்க!" என்று பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இதுவா ஃபர்ஸ்டு? பூச்சி ஓட்டை இருக்குது பாருங்க!"

அந்த 'பாருங்க'வில் தலை நிமிர்ந்தது. கேமரா ஒரு சின்னச் சத்தம் போட்டது. ஒரு வெளிச்சமும் அடிக்கவில்லை.

"எப்ப எடுப்ப? அடுப்புல வேல கெடக்குது."

"எடுத்துட்டேம்மா."

"ரெடியே சொல்லல?"

அண்ணன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான். திரையை அவள் பக்கம் திருப்பினான். அம்மா பார்த்தாள். கரண்டியை எனக்குக் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தாள்.

"என் கண்ணு கொஞ்சம் பழுப்பா இருக்குமா?" என்றாள். "எனக்கே தெரியாது."

அப்பா தன் கத்திரிக்காயின் மானத்தைக் காப்பாற்ற வாசல்வரை வந்துவிட்டார். ஸ்டூலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் லென்ஸ் மூடியைத் தேடுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தான். அது அவன் கையிலேயே இருந்தது.

"அது பூச்சி ஓட்டை இல்ல," என்றார் அப்பா கடைசியில். "முள்ளு குத்துன தழும்பு." கத்திரிக்காயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பூச்சி இருந்தது. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

புதன்கிழமை படம் சுவரேறியது. வரிசையாக மாட்டியிருக்கிற சிஸ்டர்கள் எல்லாரும் சாந்தமாகப் புன்னகைக்க, அம்மா மட்டும் யாரோ காயத்துக்குக் கட்டுத் தப்பாகப் போட்டுவிட்டதைக் கண்டுபிடித்தவளாகப் பார்க்கிறாள். இதுதான் எங்க இன்பம் சிஸ்டர் என்று எல்லாரும் சொன்னார்களாம். முந்தின நாள் சேர்ந்த ஒரு பெண் படத்துக்கு முன்னால் நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனதாம். அம்மா அன்றிரவு அதை மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை அப்பாவும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

சனிக்கிழமை அண்ணனும் நானும் வேலூருக்குக் கேமரா வாங்கப் போனோம். கடைக்காரர் மஞ்சள் வாரையும் சிவப்பு வாரையும் கண்ணாடி மேசைமேல் வைத்து, எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம் என்று மனப்பாடமாகச் சொன்னார். அண்ணன் வழக்கமாக நடுவில் புகுந்து திருத்துவான். அன்று வாயே திறக்கவில்லை.

"கொஞ்சம் வாசல்ல கொண்டுபோய்ப் பாக்கலாமா, சார்?" என்றான்.

"தாராளமா. படம் எடுத்துப் பாருங்க, தம்பி."

என் பக்கம் சாய்ந்து, "வடக்கு எந்தப் பக்கம்டா?" என்றான்.

காட்டினேன். நான் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரே இருந்த கடையின் கண்ணாடியில் அவன் நன்றாகத் தெரிந்தான். மஞ்சள் வார் கேமராவின் பிடியைக் கட்டை விரலால் தடவினான். வாரை இரண்டாக மடக்கி, விட்டுப் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, மோந்தான்.