சமையலறைத் தாழ்ப்பாள்

ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானத்து வாசலில் ஓர் ஆளின் உயிர் நாலு ரூபாய்க்குப் போயிற்று. அதிலும் காசு கொடுத்தவனுக்கு நஷ்டமில்லை. ராகவேந்திரனின் மூடிய கையைப் பிரித்தபோது நாலு ரூபாயும் கசங்கி உள்ளேயே இருந்தது. தம்பி பட்டாபி அதை நீவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அது அறுபத்தொன்பது டிசம்பர். தம்பிக்கு டிக்கெட் வாங்க அண்ணன் ராத்திரி முழுக்கப் பனியில் வரிசையில் நின்றான். விடியற்காலையில் வந்து மாற்றிக்கொள்கிறேன் என்ற பட்டாபி வரவில்லை, நெரிசல் வந்தது. அன்றைக்கே இந்தியாவும் பத்து விக்கெட்டில் தோற்றது. இரண்டு இழவுக்கும் ஒரு குற்றவாளி வேண்டுமே! புருஷனுக்குக் கதவு திறந்து வழியனுப்பிய வசுமதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். லேக் மார்க்கெட் வீட்டில் தீர்ப்பு அன்றே ஆயிற்று: ராசியில்லாத முகம்.

அதிலிருந்து ஈடனில் டெஸ்ட் என்றால், பட்டாபி தெருவுக்கு இறங்கும்வரை அவள் சமையலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். எழுபத்து மூன்றில் இங்கிலாந்தை ஜெயித்தபோது, பந்து போட்டவர்களைவிடத் தாழ்ப்பாளுக்குத்தான் பட்டாபி அதிகம் மார்க் போட்டான்.

இன்று எழுபத்தைந்து, ஜனவரி முதல் தேதி. வெஸ்ட் இண்டீஸுடன் கடைசி நாள். வசுமதி அடுப்படியில் இருட்டில் நின்றிருந்தாள். குளிர்காலம் வந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பு உரசும்; ராகவேந்திரன் இருட்டில் காலால் செருப்பைத் துழாவும் அதே சத்தம். திறந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். ஆணியில் அவன் மஃப்ளர் மட்டும் தொங்கும்.

வெளியே சகுனம் கூடிவந்தது. பட்டாபியின் மனைவி ஷியாமளா நிறைகுடத்தோடு மாடிப்படியின் கீழிருந்து எதிரே ஏறி வந்தாள். பட்டாபி இறங்கினான். நாலாவது படியில் பையைத் தடவினான். அப்படியே நின்றான்.

"ஷியாமளா! டிக்கெட்!"

ராத்திரி அதை சுவாமி அலமாரியில் குங்குமம் இட்டு வைத்திருந்தான். அலமாரி இருப்பது சமையலறையில்.

"உள்ள மன்னி தாழ்ப்பாள் போட்டிண்டிருக்காளே. கேட்டு வாங்கிண்டு வரட்டுமா?"

"அவ தொடப்படாதுடி! திரும்பி ஏறினாலும் அபசகுனம். ஐயோ, ஏழு விக்கெட் எடுத்தாகணும்!"

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பட்டாபி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வசுமதி ஒரு கையில் டிக்கெட்டும் மறு கையில் மஃப்ளருமாகப் படிமேல் நின்றாள்.

"அங்கயே வச்சிட்டு உள்ள போங்கோ மன்னி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றான் பட்டாபி.

"அன்னிக்கு நாலு மணிக்கு ஒன்னை எழுப்பினது இந்த முகந்தான் பட்டாபி. ரெண்டு தடவை எழுப்பினேன். 'இன்னும் அஞ்சு நிமிஷம் மன்னி'ன்னு போர்வையை இழுத்து மூடிண்டே. அப்பவும் இப்படித்தான் கண்ணைத் தெறக்கலை."

குடத்துத் தண்ணீர் ஷியாமளாவின் காலில் கொட்டியது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

"பழசெல்லாம் எதுக்கு மன்னி..." பட்டாபி முனகினான்.

"வழி விடு. கண்ணைத் தெறந்துடாதே, தோத்துடப்போறது."

மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவள் இறங்கினாள். பட்டாபி சுவரோடு ஒட்டிக்கொண்டான். டிராம் மணியடித்துப் புறப்படும்வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை.

எஸ்பிளனேடில் இறங்கி நடந்தாள். மைதானத்து வாசலில் நீண்ட வரிசை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவன் இல்லை. ஆனால் எல்லோருமே கையை இறுக மூடியிருந்ததுபோல் இருந்தது.

உள்ளே பக்கத்து இருக்கையில் ஒரு வங்காளி அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். வசுமதி உட்கார்ந்த சற்றைக்கெல்லாம் ஒரு விக்கெட் விழுந்தது. இன்னொன்று விழுந்ததும் அம்மாள் பின்னலை மடியில் போட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை நீட்டினாள். கடைசி விக்கெட்டுக்கு அரங்கமே எழுந்து கத்தியபோது வசுமதியும் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே காதில் விழவில்லை. புருஷன் பெயராக இருக்கலாம்.

அம்மாள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஆப்னி கூப் பயா, திதி!"

நீங்கள் ரொம்ப ராசிக்காரி, அக்கா. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை. அதுவும் அடுத்த மொழியில்.

வீட்டில் பட்டாபி டிரான்ஸிஸ்டரை மடியில் வைத்திருந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தியா ஷியாமளா, மன்னி ஆத்துல இல்லை, ஜெயிச்சுட்டோம்!"

ஷியாமளா வசுமதியைக் கண்டதும் எழுந்து எதிரே வந்து, அவள் கழுத்து மஃப்ளரை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

வசுமதி கிழிந்த டிக்கெட்டை டிரான்ஸிஸ்டர்மேல் வைத்தாள்.

"ஆட்டம் ஒனக்கு வந்துடுத்து. டிக்கெட்டும் இதோ. அந்த நாலு ரூபாய் அன்னிக்கே வந்துடுத்து. ஒன் கணக்குல துளி நஷ்டமில்லை பட்டாபி."

வாசலில் செருப்பு உரசியது. இந்தத் தடவை திடுக்கிட்டுத் திரும்பியவன் பட்டாபி; அங்கே யாரும் இல்லை.

"அது என் கணக்கு," என்றாள் வசுமதி. "இன்னும் வரலை."