வெள்ளிக்கிழமைச் சேலை

ரீத்தாவுக்குத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தபோது அவளிடம் இரண்டே சேலைகள் இருந்தன. சேலைதான் கட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் எதுவும் இல்லை. ஆனால் முதல் நாள் பாவாடை சட்டையில் போனவளைத் தலைமையாசிரியர் ஒரு பார்வை பார்த்தார். அது போதுமாக இருந்தது. புதுச்சேலை வாங்கச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. பள்ளி விட்டதும் பழைய சாமான் சந்தை கூடும் ரோப் வாக் பக்கம் போகத் தொடங்கினாள்.

அங்கே பழைய சாமான்காரர் சீனி முகம்மது தார்ப்பாய் விரித்துப் பழைய கடிகாரங்கள், கோட்டுகளுக்கு நடுவே சேலைகளையும் குவித்திருப்பார். ரீத்தாவுக்குத் துணி பார்க்கும் கண் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். மடிப்புகளில் விரலை ஓட்டி இற்றுப்போன இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். கடைகளிலெல்லாம் நைலெக்ஸ் சேலைகள் தொங்கிய காலத்தில், அவள் முப்பது வருடத்துக்கு முந்தைய வாயில், ஜார்ஜெட் சேலைகளைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். சக ஆசிரியைகள் எங்கே வாங்கினாய் என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

"யாரு கட்டினதோ, எந்தச் சாவு வீட்டுலேருந்து வந்ததோ. நமக்கு வேணாம்லா," என்பாள் அம்மா டோரதி.

"துவைச்சுக் காயப்போட்டா எல்லாம் போயிடும்மா."

ஒரு நாள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு மைசூர் பட்டு கிடைத்தது. முந்தானைக்குப் பக்கத்தில் சின்னக் கிழிசல். அதை யாரோ கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். அதனாலேயே விலை குறைந்தது. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, தான் அழகாக இருப்பதாக ரீத்தா முதல்முறையாக நினைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆயர் ஈத்தாம் பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தபோது, வேட்டி கட்டித் திருநீறு பூசிய ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை, முந்தானையில் இருந்தது.

"இந்தத் தையல் நான் போட்டது," என்றார். "பச்சை நூல் இல்லை. கறுப்புதான் இருந்துச்சு. என் வீட்டுக்காரி நாயகி ஒரு வாரம் திட்டினா."

ரீத்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பஸ் வந்ததும் ஓடி ஏறிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வேறு சேலையில் போனாள். அவர் அங்கே நின்றிருந்தார். அவளைத் தாண்டி, சேலை கட்டிய ஒவ்வொரு பெண்ணையும் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ரீத்தாவை ஒரு பெண் தடுத்து நிறுத்தினாள். அந்தப் பெரியவர் நாகநாதனின் மகள். பெயர் தவமணி, வங்கியில் கிளார்க். முதல் வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அம்மா போனதிலேருந்து அப்பா அலமாரியத் திறந்து வெச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாரு டீச்சர். சோறு தண்ணி கிடையாது. தாங்க முடியாமத்தான் எல்லாச் சேலையையும் பழைய சாமான்காரர்கிட்டத் தூக்கிக் கொடுத்தேன். உங்களைப் பார்த்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாரு."

"வேணும்னா சேலையத் திருப்பித் தந்துடறேன், அக்கா."

"ஐயோ, வேணாம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கட்டிக்கிட்டு வாங்க. அவரு கிட்ட வர மாட்டாரு. தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போயிடுவாரு."

ஒருவர் சாப்பிடுவதற்கு நாம் ஒரு சேலையைக் கட்டினால் போதும் என்றால் எப்படி மறுப்பது? ரீத்தா ஒத்துக்கொண்டாள். வெள்ளிதோறும் அதையே கட்டினாள். அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பார். பஸ் வந்ததும் தலையாட்டுவார். அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சேலையைக் கட்டும்போது கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாலையைக் கடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன நாயகி இது? நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன்? ஏன் நெத்திய வெறுமையா வெச்சிருக்கே?"

"ஐயா, நான் ரீத்தா. நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. பொட்டு வைக்கிறதில்லை."

அது அவர் காதில் ஏறவில்லை. சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இடது கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியிருந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் குறுக்கே வரவில்லை. ரீத்தா அவரைத் தள்ளிவிட்டாள். குங்குமம் அவள் கன்னத்திலும் சேலையிலும் சிந்தியது. அவர் தடுமாறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் போல விசும்பினார். அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை.

சேலையை அலசிக் காயவைத்து, சனிக்கிழமை தவமணி வீட்டுக்கு எடுத்துப்போனாள். நடந்ததைச் சொன்னாள். தவமணி தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொட்டுதானே, டீச்சர்?"

"இன்னிக்குப் பொட்டு. நாளைக்கு வீட்டுக்கு வான்னு கையப் பிடிச்சா நான் என்ன பண்ணட்டும்? நீங்க கட்டுங்க, அக்கா. உங்கம்மா சேலைதானே."

"கட்டிப் பார்த்தேன்." தவமணியின் குரல் உடைந்தது. "நான் அப்பா சாயல். 'அம்மா சேலைய ஏன் எடுத்தே'ன்னு அடிக்க வந்துட்டாரு."

உள்ளேயிருந்து நாகநாதன் வந்தார். ரீத்தா சட்டென்று எழுந்துவிட்டாள். பாவாடை சட்டையில் இருந்த அவளை அவர் அடையாளம் காணவில்லை.

"யாரும்மா, உன் ஃபிரெண்டா? உட்காரச் சொல்லு. டீ குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார் மரியாதையாக. பிறகு அவள் பக்கம் திரும்பி, "நேத்து வந்திருந்தா என் ஒய்ஃபப் பார்த்திருக்கலாம்," என்றார். "நேத்து ஏதோ கோபம் அவளுக்கு. வெள்ளிக்கிழமைன்னா தவறாம வந்துடுவா."

ரீத்தா டீயைக் குடித்தாள். நாக்கு சுட்டது. சேலைப் பொட்டலத்தைத் தவமணியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். தவமணி அதைத் தொடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

அதன் பிறகு ரீத்தா ஒரு நிறுத்தம் முன்னாலேயே நடந்துபோய் பஸ் ஏறினாள். பள்ளிக்கு, கடனுக்கு எடுத்த மலாய்ப் பெண்களின் உடையான பாஜு கூரோங் போட்டுக்கொண்டாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பஸ் பழைய நிறுத்தத்தில் நின்றபோது சன்னல் வழியே பார்த்தாள். நாகநாதன் நின்றிருந்தார், வேட்டி இடுப்பில் தளர்ந்து தொங்கியது. பக்கத்தில் வங்கிச் சீருடையில் தவமணி அவர் கையைப் பிடித்திருந்தாள். பெரியவரின் கண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, ரீத்தாவின் முகத்தையும் தாண்டிப் போயின. தவமணியின் கண்கள் மட்டும் அவளிடம் நின்றன. அவற்றில் கோபமா கெஞ்சலா என்று ரீத்தாவுக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்திருக்கவும் செய்தாள்.

கண்டக்டர் மணி அடித்தார். பஸ் நகர்ந்தது. ரீத்தா மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.